பிறக்கும்போதே தேய்ந்திருந்த ஷாஃப்ட்

அன்பு மகளே,

கிள்ளான் பட்டறையின் நிறுவனரும், நிர்வாக இயக்குநரும், தலைமைக் கடைசல்காரரும், மாலையில் கூட்டிப் பெருக்குபவருமாகிய உன் அப்பன், தெளிந்த புத்தியோடும் கொஞ்சம் ஏறிய ரத்த அழுத்தத்தோடும் எழுதுவது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மெதடிஸ்ட் சபையின் கடைசி பெஞ்சில் இத்தனை வருடம் ஏறக்குறைய தூங்காமல் உட்கார்ந்தவன் என்ற தகுதியில் இதை உறுதியாகச் சொல்கிறேன். உன் அம்மா நம்பமாட்டாள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள், அதனாலேயே நம்பமாட்டாள். நீயோ அந்தக் கதையின் நடுவில் நின்றவள். உனக்கே அதைத் திருப்பிச் சொல்லவேண்டிய அவசியம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்றைக்கு சாலாக் செலாத்தானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பேச்சை முடிக்க வந்திருந்தார்கள். மண்டபம் பேசியாயிற்று, பிரியாணி பேசியாயிற்று, பாட்டுக்குழு எந்த நிறத்தில் உடுத்துவது என்பதுகூடப் பேசியாயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரிய அத்தை உன் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் கறுப்பு. "கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பட்டறை வேலை எல்லாம் வேணாம்லா. எங்க வீட்டு மருமகளுங்க எப்படி இருக்காங்களோ, அதே மாதிரி இருந்துட்டா போதும்" என்றார்கள். மாப்பிள்ளை தன் கறி பஃபையே வேதவசனம் படிப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்று நினைத்துவிடாதே. பேரரசர்கள் உடனே பதில் சொல்வதில்லை. தவிரவும் மேசைக்கடியில் உன் அம்மாவின் செருப்பு என் கால்விரலின் மேல் முழு எடையோடு நின்றது. அவர்கள் போனபிறகும் அவள் சொன்னாள்: "பொண்ணு வாழப்போற வீடு. வாய வச்சிக்கிட்டு கொஞ்சம் சும்மா இருங்க." வாயை வைத்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறேன். கை எழுதுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல. நீ பட்டறையை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் இதைப் படி. விருப்பமிருந்தால் அந்த அத்தைக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

நீ பாலிடெக்னிக் முடித்து வந்த காலம் அது. பட்டறைக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய்ப்பனை மில்களுக்குச் சுழலும் தண்டான ஷாஃப்ட்டும் அதன் உறையான புஷ்ஷும் கையால் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த என்னை, கம்ப்யூட்டர் வைத்த பெரிய பட்டறைகள் ஓரங்கட்டிவிட்டன. கடையில் பாதி எனக்குச் சொந்தம், மறுபாதி உன் மாமா சாமுவேலுக்கு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, சபைப் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடும் மகானுபாவன். அவருக்கு அந்த இடத்தில் வீடியோ கேசட் கடை வைக்கவேண்டும் என்று ஆசை. அளவெடுக்கும் டேப்போடு வருவார். நான் இரும்பைக் கடையக் கடைய, அவர் என் முதுகுக்குப் பின்னால் சுவரை அளப்பார். "மச்சான், இங்க தமிழ்ப் படம், அங்க இந்திப் படம், உங்க லேத் நிக்கிற எடத்துல கராத்தே படம்" என்பார். உயிரோடிருப்பவனைப் பெட்டிக்கு அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், பெட்டி எனக்குத்தான்.

அந்த நேரத்தில்தான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை மூடுகிறது, அங்கே ஒரு பழைய சி.என்.சி. லேத் கிடக்கிறது என்று செய்தி வந்தது. இதை அத்தைக்காகச் சொல்கிறேன்: சாதாரண லேத்தில் கத்தியை மனிதன் கை சுற்றி நகர்த்தும். சி.என்.சி.யில் அளவுகளை எண்களாக எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே நகர்த்திக்கொள்ளும். ஆனால் இது செத்துப்போன சி.என்.சி. பழைய இரும்பு வியாபாரியான தவுக்கே அதன் தலையில் தட்டி, "ஒத்தாக் சூடா மாத்தி, அங்கிள்" என்றார். மூளை செத்துப்போச்சு என்று அர்த்தம். இயந்திரமாக விலை சொல்ல வெட்கப்பட்டு, தராசில் ஏற்றி வெறும் இரும்பாக விற்றார். நீ மட்டும் அதன் அடியில் படுத்து, கத்தி நகரும் அடித்தளமான பெட்டை மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு கைப்பிடி அகலம் துடைத்துப் பார்த்தாய். "அப்பா, பெட் தேயல. மூளைதான் போச்சு. மூளைய மாத்திரலாம்" என்றாய். எனக்கும் பல வருடமாக அதே சிகிச்சை தேவைப்பட்டதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

அதைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்த கதையை நான் சொல்லாமல் விட்டால் சரித்திரம் என்னை மன்னிக்காது. லோரியில் ஏற்றியதும் லோரியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்து வானத்தைப் பார்த்தன. ஓட்டுநர், தான் ஓட்டுவது லோரியா விமானமா என்று என்னிடம் கேட்டார். கூட்டரசு நெடுஞ்சாலை ஷா ஆலம் முதல் கிள்ளான் வரை ஒரு சாண் இறங்கிவிட்டது. அங்கே இன்றும் மழைத்தண்ணீர் தேங்குகிறதே, அது நம் குடும்பத்தின் கைங்கரியம். டோல் சாவடிப் பெண், "இது வீடா, கப்பலா?" என்று கேட்டு, இரண்டுக்கும் சட்டமில்லாததால் கும்பிட்டு அனுப்பிவைத்தாள். கிள்ளான் பாலத்தில் ஏறியபோது ஆறு பயந்துபோய்க் கடலை நோக்கி வேகமாக ஓடியது. பட்டறைக் கதவில் அது நுழையவில்லை. கதவை இடித்தோம், கதவுக்குப் பக்கத்துச் சுவரையும் இடித்தோம். உன் மாமா வந்து பார்த்தார். "மச்சான், இது லேத்தா, கல்லறையா?" "கல்லறைதான் மச்சான். உள்ள இருந்து மூணாம் நாள் எழுந்திரிக்கும்." "எழுந்திரிக்கலன்னா?" "எழுந்திரிக்கலன்னா நீ கராத்தே படம் வை." பந்தயம் இதுதான்: கேரித்தீவு மில்லின் என்ஜினியர் பாலன் பார்க்க வந்து, இந்த இயந்திரம் கடைந்த ஷாஃப்ட்டை ஏற்றுக்கொண்டால் பட்டறை நிற்கும், இல்லையென்றால் கடை முழுவதும் மாமாவுக்கு. நானும் கையை நீட்டினேன், அவரும் நீட்டினார், உன் அம்மா சாட்சி.

மூன்று நாளில் அது எழுந்திருக்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. கட்டுப்பாட்டுப் பெட்டி துணி அலமாரி உயரம் இருக்கும். திறந்தால் உள்ளே பல்லிகளின் குடியரசு. ஒரு பல்லி எழுந்து நின்று தன்னைச் சட்டமன்ற உறுப்பினர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. அதை மரியாதையாக வெளியேற்றிவிட்டு, கருகிய பலகைகளையும் கட்டுக்கட்டான வயர்களையும் பிடுங்கிப் போட்டோம். இடம் மாறாமல் காப்பாற்றவேண்டிய வயர் ஒவ்வொன்றுக்கும் நீ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சுற்றி, அதில் எண் எழுதினாய். கடைசியில் அந்த இயந்திரம் போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய் மாதிரி இருந்தது. பழைய மோட்டார்கள் போயின, புது சர்வோ மோட்டார்கள் வந்தன. அவை பழைய ஓட்டைகளில் உட்காரவில்லை. அதற்கான தாங்கிகளை என் கைலேத்திலேயே கடைந்தேன். என் லேத் தன் எதிரிக்குத் தானே கைகால் செய்து கொடுத்தது; அதைவிடப் பெருந்தன்மை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அலமாரி அளவு மூளைக்குப் பதிலாகத் தைவானிலிருந்து பிஸ்கட் டின் அளவில் ஒரு புது மூளை வந்தது. மாமா அதைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" "மூளை அவ்வளவுதான் மச்சான். ஒனக்கு இதுவே ஜாஸ்தி."

முதல் தடவை மின்சாரம் கொடுத்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். நீ கத்தியை மெல்ல வலது பக்கம் வரச் சொன்னாய். அது இடது பக்கம் பாய்ந்தது. அது தப்பான பக்கம் என்று மூளைக்குத் தெரிந்து இன்னும் வேகமாகத் திருத்தப் பார்த்தது, திருத்தத் திருத்த இன்னும் வேகமாகத் தப்பான பக்கமே ஓடியது. நம் உறவினர் பலர் அப்படித்தான். நீ எமர்ஜென்சி பட்டனைக் கைத்தலத்தால் அறைந்து நிறுத்தினாய். நான் பயந்து ஓடினேன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிவருகிறாள். அது அவதூறு. வெளியே வாடிக்கையாளர் யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் சற்று விறுவிறுப்பாகச் சாலைக்குப் போனேன். அந்த விறுவிறுப்பில் தெலுக் பூலாயிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பவேண்டியிருந்தது. நான் வருவதற்குள் நீ மோட்டாரின் இடவலம் சொல்லும் இரண்டு வயர்களை மாற்றிப்போட்டு, கத்தியைக் குழந்தை மாதிரி நடக்கவைத்திருந்தாய்.

அப்புறம் பாலன் வந்த சனிக்கிழமை. செராஸிலிருந்து மில்லுக்கு மாற்றலாகி வந்தவர், சுருட்டிய சட்டைக்கை, சிரிக்கவே யோசிக்கும் முகம். ஒரு பம்ப் ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் துரைகள் போனபோது மில்லின் வரைபடங்களும் எங்கேயோ போய்விட்டன. அதனால் நம் பக்கத்தில் எல்லாமே மாதிரிதான். பழையதைக் கொண்டுவந்து போடுவார்கள், அதைப் பார்த்துப் புதிது செய்வோம். "இதே மாதிரி மூணு வேணும்" என்றார். நீ மைக்ரோமீட்டரை எடுத்து அந்த ஷாஃப்ட்டை அங்குலம் அங்குலமாக அளந்தாய், எண்ணாக எழுதினாய், பிஸ்கட் டின்னுக்குச் சொன்னாய். இயந்திரம் வேலையை ஆரம்பித்தது. சூடு தணிக்கும் கூலண்ட் பால் போல் பொழிய, இரும்புச் சுருள் பளபளவென்று பறக்க, அந்தச் சத்தத்துக்குக் கிள்ளான் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதின. நான் என்ன செய்தேன்? தே தாரிக் டீ ஊற்றினேன், சொற்பொழிவு ஆற்றினேன். என் மூக்கு அன்றைக்கு மேகத்துக்குள் இருந்தது, கீழே என்ன கடைகிறது என்று பார்க்க அதற்கு வசதியில்லை. மூன்று ஷாஃப்ட்டும் வந்தன. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லை. மாமா டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

பாலன் பையிலிருந்து ஒரு புது பேரிங்கை எடுத்து ஷாஃப்ட்டில் மாட்டினார். பேரிங் என்றால் இறுக்கிப் பிடித்து உட்காரவேண்டும். இது பாட்டுக்குத் தானே வழுக்கிக்கொண்டு போய் நின்று, கடகடவென்று ஆடியது. இரண்டாவதில் மாட்டினார், கடகட. மூன்றாவதிலும் அதே கடகட. "என்ன அண்ணே, ஒங்க புது ஷாஃப்ட்டு பென்ஷன் வாங்குற வயசுலயே பொறந்திருக்கு?" என்றார். மாமாவின் டேப் சர்ரென்று வெளியே வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கொண்டுவந்த மாதிரி வருடக்கணக்காக ஓடித் தேய்ந்தது. பேரிங் உட்காருகிற இடம் இளைத்துப்போய், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நான் கையால் கடைந்த காலத்தில் தேய்மானத்தைக் கண் பார்க்கும், கை தானாகவே கொஞ்சம் இரும்பைக் கூட விட்டுவிடும். அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாததை உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பேன்? நீ நேர்மையாக அளந்தாய், இயந்திரம் உன்னைவிட நேர்மையாக வெட்டியது. இளைப்பு, பள்ளம், கிழடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் புது இரும்பில் இறக்கிவைத்துவிட்டது.

பட்டறை போயிற்று என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பேரரசனின் மன்னிப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நீ எனக்கு முன்னால் வந்து நின்றாய். மகளே, நீ கர்ஜித்தாய். பட்டறைக் கூரையின் ஜிங்க் தகடுகள் எழும்பி எழும்பி விழுந்தன, பாசார் சந்தையில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின, பாலனுக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. காது அடைத்த மனிதர், "என்னம்மா?" என்றார். நீ மறுபடியும் கர்ஜித்தாய்:

"இதே மாதிரி வேணும்னு கேட்டீங்க சார். இதே மாதிரி செஞ்சிருக்கேன். என் வேல தப்பில்ல, நீங்க மாதிரிக்குக் குடுத்த ஷாஃப்ட்டுதான் தேஞ்சது. அந்த பேரிங்கக் குடுங்க. அதுக்கு அளவெடுத்து வெட்டுறேன்."

பாலன் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரிங்கை உன் கையில் வைத்தார். புது எண்ணெய் சீல் ஒன்றையும் தேடி எடுத்துக் கொடுத்தார். நீ பழைய ஷாஃப்ட்டைத் தூரத் தள்ளிவைத்தாய். பேரிங்கின் உள்வாயை அளந்தாய், எண்களை மாற்றினாய், புது இரும்புத் தண்டு ஒன்றை ஏற்றினாய். வந்த ஷாஃப்ட்டில் பேரிங் ஏறவே மறுத்தது. எண்ணெயில் போட்டுச் சூடாக்கி, அது விரிந்த கணத்தில் ஏற்றினோம். ஆறியதும் மாமாவைக் கூப்பிட்டேன். "மச்சான், கழட்டிக் காட்டு. கழட்டிட்டா கட ஒன்னுது." பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடும் மூச்சு முழுவதையும் சேர்த்து இழுத்தார். அவர் நெற்றி நரம்பு இரட்டைமலை போல் எழுந்தது, சட்டைப் பொத்தான் தெறித்துப் பந்திங் ஊர் வரை போனது, பேரிங் அசையவில்லை. பாலன் அப்போதுதான் சிரித்தார். "தீவுல கெடக்கிற பழைய ஷாஃப்ட்ட எல்லாம் அனுப்புறேன்மா. மாதிரிக்கு இல்ல. சும்மா பாத்து சிரிக்க." மாமா டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "கராத்தே படத்துக்கு இப்ப மவுசு இல்லலா" என்றார்.

இப்போது அந்த அத்தையிடம் வருகிறேன். அவர்கள் சொன்ன மருமகள்களை எனக்குத் தெரியும், நல்ல பெண்கள். ஒருத்தி டைப்பிங் பள்ளிக்கூடம் நடத்தியவள், இன்னொருத்தி தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேகத்துக்குப் பேர்போனவள். இரண்டு பேரும் இப்போது அந்த வீட்டுச் சமையலறையில், யாராவது கூப்பிடுவதற்கு முன்னாலேயே "தோ வரேன்" என்கிறார்கள். அது அவர்கள் குற்றமல்ல. நிறுத்தாமல் ஓடிய இடத்தில் எந்த இரும்பும் இளைக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இளைப்பை அளவென்று எடுத்துக்கொண்டு, அதே அளவுக்கு உன்னையும் கடையச் சொல்கிறார்களே, அதற்குத்தான் நான் சம்மதிக்கமாட்டேன். நீ உட்காரப்போகிற இடம் எது, அதன் வாய் எவ்வளவு என்று நீயே போய் அளந்து பார். மாப்பிள்ளையைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, இரும்புச் சுருள் தெறிக்காத பக்கமாக நிற்கவைத்து, நேராகக் கேள். பையன் நல்லவன் என்றுதான் நினைக்கிறேன். வாயில் பலகாரம் இல்லாதபோது அவன் பேசி நான் இன்னும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவன் உன்னோடு நிற்பான் என்றால் கல்யாணம் நடக்கட்டும், பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவரும்போது கட்டடம் அதிர நடப்பேன். நிற்கமாட்டான் என்றால் மண்டபமும் பிரியாணியும் பேசியது பேசியபடியே இருக்கட்டும். நாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம், பாட்டுக்குழுவும் பாடட்டும். உன் அம்மா அழுவாள், நானும் கூட உட்கார்ந்து அழுவேன், திங்கட்கிழமை காலையில் நீ கடையைத் திறப்பாய். இதற்காக யாரிடமும் ஒரு மன்னிப்பும் கேட்காதே. என் பெயரைச் சொல்லியும் கேட்காதே.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று நீ என்னிடம் கேட்கக்கூடும். என்னைப் போல் பேச முயற்சி செய்யாதே. என் வாய்க்குத் தனி லைசென்ஸ் வேண்டும். இந்தக் கடிதத்தில் நெடுஞ்சாலை இறங்கியது பொய், ஆறு ஓடியது பொய், பல்லி உறுப்பினராக இருந்ததும் பெரும்பாலும் பொய். கூரைத் தகடு எதுவும் எழும்பவில்லை, கோழிகள் வழக்கம்போல முட்டையிட்டன. நீ கர்ஜிக்கவும் இல்லை. உன் குரல் அத்தனை சின்னதாக வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. அந்தக் கர்ஜனையில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன். பாலன் "என்னம்மா?" என்றார். நீ மறுபடியும் சொன்னாய்.

அன்புடன்,
அப்பா